தோட்டம் கேள்வி–பதில்: ஸ்ட்ராபெர்ரி ஓயாமல் காய்க்குமா?

கேள்வி: தொடர்ந்து காய்க்கும் ரகம் என்று சொல்லி விற்கப்பட்ட ஸ்ட்ராபெர்ரிச் செடிகளை வாங்கி நட்டேன். சில வாரங்கள் தாராளமாகக் காய்த்துவிட்டு இப்போது வெறும் இலையாக நிற்கின்றன. ரகம் மாறிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் ரகம் மாறியிருக்காது, அதற்கு இட்ட பெயர்தான் சற்று மிகையானது. ஸ்ட்ராபெர்ரியில் பூமொட்டு உருவாவதைப் பகற்பொழுதின் நீளமும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை காய்க்கும் ரகங்கள், பகல் குறுகும் நாள்களில் மொட்டை உருவாக்கி வைத்துக்கொண்டு, குளிர்காலம் நீங்கியதும் ஒரே மூச்சில் பூத்துக் காய்த்து ஓய்ந்துவிடும். தொடர்ந்து காய்ப்பவை என்று நெடுங்காலமாக அழைக்கப்படும் ரகங்கள் நீண்ட பகலிலும் மொட்டு விடக்கூடியவை என்பதால் ஆண்டில் இரண்டு, மூன்று முறை காய்க்கும். ஆனால் ஒரு காய்ப்புக்கும் அடுத்த காய்ப்புக்கும் இடையில், உங்கள் செடிகளைப் போலவே, இலையோடு நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் அப்பால், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரிங்ஹர்ஸ்ட், வோத் ஆகியோர் அமெரிக்காவின் யூட்டா மலைப்பகுதியில் வளர்ந்த காட்டு ஸ்ட்ராபெர்ரியின் பண்பைத் தோட்டச் செடிக்குள் கொண்டுவந்து இவ்வகையை உருவாக்கினர். ‘சீஸ்கேப்’, ‘ஆல்பியன்’ போன்றவை இதைச் சேர்ந்தவை. நாற்று விற்பவர்கள் பின்னால் சொன்ன இவ்விரண்டு வகைக்கும் ஒரே பெயர் அட்டையைச் செருகிவிடுவது வழக்கம் என்பதால், ‘தொடர்ந்து காய்க்கும்’ என்ற சொல்லை நம்பாமல் ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவதே நல்லது.

எந்த வகையாயினும், வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தாண்டி நீடித்தால் மொட்டு விடுவது குறைந்து, பின் நின்றுபோகும். இதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருப்பதால், மண் சூடேறும்போது செடி முதலில் தவிப்பது அங்கேதான். செடியைச் சுற்றி வைக்கோல் மூடாக்கு இடுங்கள். கடும் வெயில் காலத்தில் பிற்பகல் நிழல் கிடைக்கச் செய்யுங்கள். மேல்மண் காயவிடாமல் நீர் பாய்ச்சுங்கள். காய்ப்பு நின்றுவிட்டதே என்று தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் இன்னும் செழிக்கும். மாதம் ஒரு முறை சிறிதளவு உரம் போதும்.

கேள்வி: நட்டவுடன் வரும் பூக்களைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள். மனம் வரவில்லையே?

பதில்: கிள்ளத்தான் வேண்டும். நட்ட முதல் 4 முதல் 6 வாரங்கள் வரை தோன்றும் பூக்களை அகற்றினால், செடி அந்த ஆற்றலை வேர் பிடிக்கவும் இலை விரிக்கவும் செலவிடும். பின்னர் வரும் காய்ப்பில் அது தெரியும். முதல் ஆண்டில் ஓடுதண்டுகளையும் (தரையோடு படர்ந்து கணுவில் புதுச் செடி விடும் தண்டுகள்) இதே போல் நறுக்கிவிடுங்கள். நடும்போது, இலைகள் கிளம்பும் தடித்த குருத்துப் பகுதியின் நடுவிடம் மண்மட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும்: புதைந்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் வேர் காய்ந்துவிடும்.

கேள்வி: பழங்கள் கோணல்மாணலாக, ஒரு பக்கம் சூம்பிப்போய் வருகின்றன. பூச்சி தாக்குதலா?

பதில்: சில பூச்சிகள் மொட்டிலேயே சாறு உறிஞ்சினாலும் இப்படி ஆகும் என்றாலும், மகரந்தச் சேர்க்கைக் குறைவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நாம் உண்ணும் சிவந்த சதை, பூவின் அடித்தளம் பருத்து உருவானது; அதன் மேல் ஒட்டியிருக்கும் விதை போன்றவையே, தாவரவியலின்படி, கனிகள். அவை ஒவ்வொன்றும் கருவுற்றுச் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியால்தான் அதைச் சுற்றியுள்ள சதை பருக்கிறது. சூம்பிய பக்கத்தை உற்றுப் பாருங்கள்: விதைகள் பொடியாக, நெருக்கமாக ஒட்டியிருக்கும், பருத்த பக்கத்தில் அவை திரண்டு, இடைவெளி விட்டு நிற்கும். பூக்கும் காலத்தில் செடிகளைக் காப்பு வலையால் மூடியே வைத்திருந்தால் தேனீக்கள் உள்ளே வர வழியில்லை. வலையை விலக்க இயலாவிட்டால், மென்மையான தூரிகையால் பூவின் மையத்தைச் சுற்றிலும் வருடிவிடுங்கள்.

கேள்வி: அரைச் சிவப்பில் பறித்து வைத்தால் பழுக்குமா?

பதில்: நிறம் ஏறலாம், இனிப்பு கூடாது. முழுதும் சிவந்தபின் காலையில், காம்போடு பறியுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுச் செடிகளில் பழம் சிறுத்துவிட்டது. தக்காளி எடுத்த பாத்தி காலியாக இருக்கிறது. அங்கே மாற்றி நடலாமா?

பதில்: பழைய செடிகளையே பிடுங்கி மாற்றி நட வேண்டாம், இரண்டு, மூன்று ஆண்டுகளில் குருத்து முதிர்ந்து விளைச்சல் இறங்குவது இயல்பு. நோயற்ற செடியிலிருந்து ஓரிரு ஓடுதண்டுகளை மட்டும் விட்டுவைத்து, அவற்றின் கணுவைச் சிறு தொட்டி மண்ணில் பதியவைத்து, வேர் பிடித்தபின் தாய்ச்செடியிலிருந்து நறுக்கி நடுங்கள். காப்புரிமை பெற்ற ரகமாயின் இவ்வாறு பெருக்க அனுமதி இராது. தக்காளிப் பாத்தியை மட்டும் தவிருங்கள். தக்காளி, உருளை, கத்திரி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் வெர்ட்டிசிலியம் வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் தங்கியிருந்து ஸ்ட்ராபெர்ரியையும் பற்றும். வேறு இடம் இல்லையெனில், 20 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டிகளில் புதிய மண்கலவை இட்டு நடுங்கள்.