பக்கத்தை விரித்தால் ரப்பர் மரம் சாய்கிறது
வணக்கம் டீச்சர், நானும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம்தான். நீங்கள் செய்யும், விரித்தால் படம் எழுந்து நிற்கும் பாப்-அப் புத்தகத்தில் ரப்பர் மரம் சாய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றால் நடுமடிப்பின் இருபுறமும் ஒட்டு விளிம்புகள் ஒரே கோணத்தில் இல்லை. மரத்தின் மடிப்பைப் புத்தகத்தின் நடுமடிப்பில் உட்கார வைத்து, ஒரு விளிம்பை மட்டும் ஒட்டி, மரத்தைத் தட்டையாக மடக்கி, மற்ற விளிம்பில் பசை தடவி, பக்கத்தை அப்படியே மூடி அழுத்துங்கள், அது தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பசை கொஞ்சமாகப் போதும், ஈரம் குடித்தால் மணிலா அட்டை நெளிந்துவிடும்.

அப்புறம், இழுப்பதற்கு வைத்த அட்டைப் பட்டையை இழுத்தால், ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவரின் கை அசையவில்லை என்றீர்களே. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மூனிக்கில், அசையும் படப் புத்தகங்கள் செய்த ஓவியர் லோத்தர் மெக்கண்டோர்ஃபர் மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டித்தான் மூட்டுகள் செய்தார், ஒரே பட்டைக்குப் பல உறுப்புகள் அசையும், அவ்வளவு அழகான வேலை! பழைய ஒயருக்குள் இருக்கும் ஒற்றை இழை போதும். அதைக் கை மூட்டின் இருபுறமும் சுருட்டி, சற்றுத் தளர்வாக விடுங்கள்.