வாசகர் கேள்வி – பதில்: சிலியின் எலமென்டலும் அது கட்டிய பாதி வீடுகளும்

கேள்வி: சிலி நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்குப் பாதி வீட்டை மட்டும் கட்டிக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் தலைவருக்குக் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருது கிடைத்ததாகப் படித்தேன். முடிக்காமல் விட்ட வேலை எப்படிப் பாராட்டுக்குரியதாகும்?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது சான்டியாகோ நகரிலிருந்து இயங்கும் எலமென்டல் நிறுவனத்தை. அதன் தலைவர் அலெஹாந்த்ரோ அரவேனா 2016-இல் பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் சிலி நாட்டவர் அவரே. கொன்சாலோ ஆர்தேகா, ஹுவான் செர்தா, விக்தோர் ஒத்தோ, தியேகோ தொர்ரெஸ் ஆகியோர் அவருடைய பங்குதாரர்கள். விருதுக்குக் காரணமான பணிகளில் முதன்மையானது, அடகாமா பாலைவனத்துக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கி நிற்கும் இக்கிக்கே துறைமுக நகரில் 2004-இல் முடிந்த கின்டா மொன்ராய் குடியிருப்பு. "முடிக்காமல் விட்ட வேலை" என்று அதைச் சொல்வது சரியா என்பதை அங்கே நிலவிய கணக்கைப் பார்த்த பிறகே தீர்மானிக்க முடியும்.

நகரின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் ஏறத்தாழ 100 குடும்பங்கள் 30 ஆண்டுகளாகப் பட்டா ஏதுமின்றி வாழ்ந்து வந்தன. மிக வறிய குடும்பங்களுக்குக் கடன் சுமை இல்லாமல் ஒரே தவணையில் மானியம் வழங்கும் திட்டம் ஒன்றைச் சிலி அரசு அப்போது நடத்தி வந்தது. அதன்படி ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது சுமார் 7,500 அமெரிக்க டாலர். நிலம், குடிநீர், கழிவுநீர்க் குழாய், கட்டுமானம் ஆகிய அனைத்தையும் இந்தத் தொகைக்குள் அடக்க வேண்டும். அரசு வீட்டுவசதித் திட்டங்கள் வழக்கமாக வாங்கும் நிலத்தைப் போல மூன்று மடங்கு விலை கொண்ட இடம் அது. வேறு யாராக இருந்தாலும் குடும்பங்களை நகருக்கு வெளியே, நிலம் மலிவாகக் கிடைக்கும் பாலைவன ஓரத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் வேலை, பள்ளி, மருத்துவமனை ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாளில் தொலைவில் விட்டுவிட நேரும் என்பதால், அந்த இடத்திலேயே அனைவரையும் குடியமர்த்துவது என்பதை எலமென்டல் முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டது.

தனித்தனி வீடுகள் கட்டினால் 30 குடும்பங்களுக்குத்தான் இடம் இருந்தது. வரிசை வீடுகள் கட்டினால் 60 குடும்பங்கள் வரை தங்கலாம். அடுக்குமாடியாகக் கட்டினால் அனைவருக்கும் இடம் உண்டு, ஆனால் பின்னால் ஓர் அறையைக்கூடச் சேர்த்துக் கட்ட முடியாது என்பதால், அப்படியொரு யோசனையை முன்வைத்தாலே உண்ணாவிரதம் இருப்போம் என்று மக்கள் எச்சரித்தார்கள். அவர்களுடைய எச்சரிக்கையில் நல்ல கட்டடக்கலை அறிவு இருந்தது என்றே நான் நினைக்கிறேன். இறுதியில் உருவான அமைப்பில் தரைத் தளத்தில் ஒரு வீடும், அதன்மேல் இரண்டு தளங்களாக எழும் மற்றொரு வீடும் வந்தன. கீழ்வீடு பின்பக்கமாகவும் மேல்வீடு பக்கவாட்டிலும் வளர இடம் விடப்பட்டது. சுமார் 36 சதுர மீட்டராகக் கையளிக்கப்பட்ட வீடு 70 சதுர மீட்டர் வரை வளரலாம்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பணம் பாதி வீட்டுக்குத்தான் போதும் என்றால், எந்தப் பாதியை அரசு கட்ட வேண்டும்? ஒரு குடும்பம் தானாகச் செய்துகொள்ள முடியாத பாதியை என்பது எலமென்டலின் விடை. சமையலறை, குளியலறை, படிக்கட்டு, அண்டை வீட்டிலிருந்து பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர், எல்லாவற்றுக்கும் மேலாக நிலநடுக்கத்தைத் தாங்கும் சட்டகம் ஆகியவை முதலிலேயே கட்டப்பட்டன. அந்தச் சட்டகத்தின் வலிமையும் கையளிக்கும் நாளில் இருக்கும் சிறிய வீட்டுக்காகக் கணக்கிடப்படாமல், முழுதாக வளர்ந்த பிறகு இருக்கப்போகும் வீட்டுக்காகவே கணக்கிடப்பட்டது. படுக்கையறை ஒன்றைத் தடுப்பதையும் சன்னல் வைப்பதையும் வண்ணம் பூசுவதையும் மக்கள் தங்கள் வசதிப்படி, சம்பாத்தியம் வரும் வேகத்தில் செய்துகொள்வார்கள். திறந்த நாளன்று எடுத்த படங்களில், சாம்பல் நிறக் கட்டுமானத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வெறும் வானம் தெரிகிறது. பின்னாளில் எடுத்த படங்களிலோ அதே இடைவெளிகளில் மரப்பலகைச் சுவர்களும் வெவ்வேறு அளவுச் சன்னல்களும் பளிச்சென்ற வண்ணங்களும் நிறைந்திருக்கின்றன. ஒரு வீட்டைப் போல மற்றொரு வீடு இல்லை.

பலரும் சொல்லாமல் விடும் ஒரு பகுதியும் உண்டு. குடியிருப்பு முழுவதையும் ஒரே தெருவாகவோ ஒரே திடலாகவோ அமைக்காமல், ஏறத்தாழ 20 குடும்பங்களுக்கு ஒரு பொது முற்றம் என்ற அளவில் பிரித்தார்கள். உறவினர்களும் பழைய அண்டை வீட்டாரும் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் வறிய குடும்பங்களுக்கு, வீட்டுக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட இந்த அளவான வெளி மிகவும் தேவையானது.

கேள்வி: ஏழைகள் தங்கள் உழைப்பையும் சேமிப்பையும் போட்டு மீதியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது, அரசு தன் கடமையிலிருந்து நழுவுவதற்குக் கட்டடக்கலைஞர்கள் அமைத்துக் கொடுத்த வழி ஆகாதா?

பதில்: இந்த விமர்சனத்தைத் தென்னமெரிக்காவிலேயே பலர் எழுப்பியிருக்கிறார்கள், அதில் பாதி நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன். பற்றாக்குறையிலிருந்து பிறந்த ஒரு தீர்வு, அந்தப் பற்றாக்குறையைத் தொடர்வதற்கான சாக்காக மாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. மேலும், கட்டி வளர்க்கும் ஆற்றல் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாயும், முதியவர்கள் மட்டும் வாழும் வீட்டாரும் காலியாக விடப்பட்ட பாதியை எப்படி நிரப்புவார்கள் என்ற கேள்விக்கு வரைபடம் தானாக விடை தராது.

ஆனால் எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். அதே பணத்தில் நகருக்கு வெளியே கட்டப்படும் முழு வீடு உண்மையில் முழு வீடு இல்லை. 40 சதுர மீட்டருக்குள் எல்லா அறைகளையும் சுருக்கி வைத்த, வளர வழியற்ற வீடு அது. குடும்பம் பெருகும்போது மக்கள் அதையும் இடித்து, நீட்டி, தகரம் போட்டு விரிவாக்கத்தான் போகிறார்கள், அதுவும் எந்தப் பொறியியல் கணக்கும் இல்லாமல். எப்படியும் நடக்கப்போகும் அந்த விரிவாக்கத்தைப் பாதுகாப்பாக நடக்கச் செய்ததுதான் எலமென்டலின் பங்கு. மானியத்தை உயர்த்தவும், வீடு கையளிக்கப்பட்ட பிறகும் தொழில்நுட்ப உதவியைத் தொடரவும் அரசை வற்புறுத்துவது மக்களின் வேலையாகவும் அரசியலின் வேலையாகவும் எஞ்சி நிற்கிறது.

நிறுவனம் யாருடன் கைகோத்திருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. எலமென்டலில் சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் கொப்பெக் என்னும் எரிபொருள் நிறுவனமும் பங்கு கொண்டவை. 2010-க்குப் பின் கான்ஸ்டிடூசியோன் நகரில் எலமென்டல் வடிவமைத்த வில்லா வெர்தே குடியிருப்பு, அராவுக்கோ என்னும் வனத்தொழில் நிறுவனத்தின் தொழிலாளர்களுக்காக எழுந்தது. அராவுக்கோவும் கொப்பெக்கும் ஒரே வணிகக் குழுமத்தைச் சேர்ந்தவை. ஓர் ஊரின் பெரிய முதலாளியே அந்த ஊரின் வீடுகளுக்கும் வழி செய்யும்போது கேள்விகள் எழுவது இயல்பு. வீடுகளின் தரத்தைப் பார்த்தால், மொத்தம் உள்ள 484 வீடுகளில் ஒவ்வொன்றும் 57 சதுர மீட்டரில் தொடங்கி 85 வரை வளரக்கூடியது. இக்கிக்கேயோடு ஒப்பிட்டால் தெளிவான முன்னேற்றம். வில்லா வெர்தேயில் கூரையை முழு அகலத்துக்கும் முதலிலேயே போட்டுவிட்டு, அதன் கீழே ஒரு பாதியை மட்டும் அடைத்துக் கொடுத்தார்கள்.

கேள்வி: வளரும் வீடு என்ற எண்ணம் எலமென்டல்தான் முதலில் கண்டுபிடித்ததா?

பதில்: இல்லை. பெரு நாட்டில், தாமே கட்டடக்கலைஞரான குடியரசுத் தலைவர் ஃபெர்னாண்டோ பெலாவுந்தேயின் ஆட்சியில் 1960-களில் தொடங்கிய பிரேவி என்னும் திட்டம் இதே எண்ணத்தை லிமா நகரில் சோதித்துப் பார்த்தது. அதற்காக நடந்த போட்டியில் பெரு நாட்டுக் கட்டடக்கலைஞர்களோடு ஜேம்ஸ் ஸ்டெர்லிங், ஆல்டோ வான் ஐக், நம் நாட்டுச் சார்லஸ் கொரியா ஆகியோரும் பங்கேற்றார்கள். அங்கே கட்டிய வீடுகள் இன்று அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்துவிட்டன. எலமென்டலின் பங்களிப்பு, அந்த எண்ணத்தை ஒரு குறிப்பிட்ட மானியத் தொகைக்குள்ளும் நகர மைய நிலவிலைக்குள்ளும் பொருந்த வைத்தது.

கேள்வி: வீட்டுவசதியைத் தவிர இந்த நிறுவனத்தின் குறிப்பிடத்தக்க கட்டடங்கள் எவை?

பதில்: சான்டியாகோவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் சான் ஹோவாக்கின் வளாகத்தில் இருக்கும் இரண்டு கட்டடங்களைச் சேர்த்துப் பார்க்கும்படி சொல்வேன். ஒரே சிக்கலுக்கு இரண்டு வெவ்வேறு காலங்களில் கண்ட விடைகள் அவை. வெயில் கடுமையாக விழும் அந்நகரில் கண்ணாடிக் கோபுரம் வேண்டும் என்று கேட்டால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். தடுக்க வேண்டுமானால் விலையுயர்ந்த கண்ணாடியும் ஓயாத குளிர்சாதனமும் தேவைப்படும். 2005-இல் முடிந்த சயாமியக் கோபுரங்கள் கட்டடத்துக்கு, அத்தகைய கண்ணாடி வாங்கப் பணம் இல்லை. ஆகவே மழையையும் தூசியையும் தடுக்கும் சாதாரணக் கண்ணாடியால் வெளிப்போர்வை ஒன்றை அமைத்து, அதற்குள்ளே நார்ச்சிமென்டுப் பலகை வேய்ந்த கட்டடத்தைத் தனியாக நிறுத்தினார்கள். இரண்டுக்கும் இடையில் சூடாகும் காற்று மேலே எழுந்து உச்சியில் வெளியேறிவிடுவதால் வெப்பம் உட்சுவரை எட்டுவது குறைகிறது.

2014-இல் திறக்கப்பட்ட அனாக்லெத்தோ அஞ்ஜெலினி புத்தாக்க மையத்தில் அவர்கள் கண்ணாடிப் போர்வையையே கைவிட்டார்கள். கட்டடத்தின் கனம் முழுவதும் வெளி விளிம்புக்கு வந்தது. பருமனான கான்கிரீட் சுவர்களில் சன்னல்கள் ஆழத்தில் உள்ளடங்கியிருப்பதால் நேர் வெயில் கண்ணாடியில் விழுவது குறைகிறது. அந்த ஆழமான திறப்புகளே எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து காற்றை இழுத்து வருகின்றன. கண்ணாடியும் திறந்த வெளியும் நடுவில் இருக்கின்றன. தரையிலிருந்து உச்சி வரை திறந்திருக்கும் உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு தளத்திலும் யார் என்ன செய்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். வழக்கமான கண்ணாடிக் கோபுரம் ஒன்று ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 120 கிலோவாட் மணி மின்சாரம் கொள்ளும் இடத்தில், இந்தக் கட்டடத்துக்கு 45 போதும் என்பது நிறுவனம் தரும் கணக்கு. வெளியிலிருந்து பார்க்கும்போது அது இறுகி நிற்பதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்த இறுக்கம் பிடித்திருக்கிறது. அந்த வெயிலுக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் முகம் அது. லிஃப்டுக்காகக் காத்திருக்கும் இடத்தில் பெஞ்ச் போட்டிருப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். புதிய சிந்தனை கூட்ட அறையைவிட எதிர்பாராத சந்திப்பில் பிறக்கும் என்ற நம்பிக்கையில் வைத்தது அது.

குழந்தைகளுக்கான இருநூற்றாண்டுப் பூங்காவையும் குறிப்பிட வேண்டும். 2012-இல் சான்டியாகோவின் சான் கிறிஸ்டோபல் மலைச்சரிவில் அமைத்தார்கள். சறுக்குமரங்களைத் தூண்களின்மேல் நிறுத்தாமல் சரிவின்மேலேயே படிய வைத்ததால், நீளமாகச் சறுக்கினாலும் குழந்தை உயரத்திலிருந்து விழும் அச்சம் இல்லை.

கேள்வி: சுனாமியைத் தடுக்கச் சுவர் கட்டாமல் காடு வளர்க்கச் சொன்னதும் இவர்கள்தானா? காடு அலையை எப்படித் தடுக்கும்?

பதில்: இவர்கள்தான். 2010 பிப்ரவரி 27 அன்று சிலியை உலுக்கிய 8.8 அளவு நிலநடுக்கமும் தொடர்ந்து வந்த சுனாமியும், மவுலே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் கான்ஸ்டிடூசியோன் நகரைச் சிதைத்தன. மறுகட்டமைப்புத் திட்டத்தை 100 நாட்களுக்குள் தயாரிக்கும் பொறுப்பு எலமென்டலிடம் வந்தது. கரையோரத்தில் கட்டடம் எதுவும் கூடாது என்று தடை மட்டும் விதித்தால், நாளடைவில் மக்கள் அந்தக் காலி இடத்தில் மீண்டும் குடியேறிவிடுவார்கள். பெரிய தடுப்புச் சுவர் கட்டினாலோ, அத்தனை ஆற்றலோடு வரும் அலையை நேருக்கு நேர் நிறுத்தலாம் என்ற பொய்யான நம்பிக்கையை அது தரும். ஆற்றங்கரை நெடுகக் காடு வளர்த்தால் அது அலையை நிறுத்தாது. மரங்களினூடே உராய்ந்து வரும்போது அலையின் வேகம் தணியும், நகரை அடையும் நீரின் வலிமை குறையும்.

மக்களிடம் கருத்துக் கேட்டபோது எதிர்பாராத பதில் வந்தது. சுனாமி எப்போதோ வருவது, மழைவெள்ளமோ ஆண்டுதோறும் வருகிறது என்றார்கள். ஊரில் பொதுவெளி மிகக் குறைவு, ஆறு இருந்தும் கரை தனியார் கையில் இருப்பதால் அதன் அருகே போக முடியவில்லை என்றும் சொன்னார்கள். ஒரே காடு மூன்று குறைகளுக்கும் பதிலாக அமையும் என்பது அதனால்தான் தெளிவாயிற்று. காடு வேண்டுமானால் கரையோர நிலங்களை அரசு கையகப்படுத்த வேண்டும் என்பதும் மக்கள் முன் வெளிப்படையாக வைக்கப்பட்டது.

கேள்வி: தங்கள் வீட்டு வரைபடங்களை எலமென்டல் இலவசமாக வெளியிட்டதாமே? அவற்றை எடுத்து எவரும் அப்படியே கட்டிவிடலாமா?

பதில்: 2016-இல் வெளியிட்டார்கள், கின்டா மொன்ராய், லோ எஸ்பேஹோ, மொன்டெர்ரே, வில்லா வெர்தே ஆகிய நான்கு குடியிருப்புகளின் வரைபடங்களை எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். பொதுப் பணத்திலிருந்து பிறந்த அறிவைப் பொதுவில் வைத்த அந்த முடிவை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அப்படியே கட்டலாமா என்றால், கூடாது. மெக்சிகோவின் மொன்டெர்ரே பகுதித் திட்டமே இதற்குச் சான்று. இக்கிக்கேயில் மழை அனேகமாகப் பெய்வதே இல்லை. மொன்டெர்ரேயிலோ ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. ஆகவே அங்கே 70 வீடுகளை வடிவமைத்தபோது, மக்கள் பின்னால் கட்டிக்கொள்ளப்போகும் இடைவெளிகளின் மேலும் சேர்த்து ஒரே தொடர்ச்சியான கூரையை எலமென்டலே போட்டுக் கொடுத்தது. வரைபடங்களை எடுப்பவர்கள் முதலில் தங்கள் நிலத்தின் மழையளவு, நிலநடுக்க விதிகள், நிலவிலை, கிடைக்கும் மானியம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அங்கே குடியேறப்போகும் குடும்பங்களையும் உட்கார வைத்துப் பேசிய பிறகே கோடுகளைத் தொட வேண்டும்.