இறங்குவதைப் பற்றியும் கேளுங்கள்: ரோப் கார் கேள்வி பதில்

ஒரு ரோப்வேயின் மேல் ஸ்டேஷனில் பதினாறு வருடம் ஆப்பரேட்டராக நின்றவன் நான். லீவு நாளில் குடும்பத்தோடு கேபினில் ஏறி மலையுச்சியைப் பார்த்து வர நினைப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் நல்லது, டிக்கெட் எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டாம். எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். மேல் ஸ்டேஷனில் நான் பார்த்த சிக்கல் முக்கால்வாசி இறங்கும்போது வந்ததுதான். அதனால் எந்தக் கேள்வி வந்தாலும் பதிலில் அது கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

இரண்டு வாண்டுகளின் அப்பா: ஒன்றுக்கு ஆறு வயது, இன்னொன்றுக்குப் பத்து மாதம். கைக்குழந்தையைக் கூட்டிப் போகலாமா சார்? காது வலிக்குமா?

தாராளமாகக் கூட்டிப் போகலாம். காது விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடுவதால் காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்கு மூக்கிலிருந்து காதுக்குப் போகும் சிறு குழாய் திறக்க வேண்டும், விழுங்கினால் அது திறக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளித்துவிடுவோம், பத்து மாதக் குழந்தைக்கு அது தெரியாது. ஆகவே பாலோ தண்ணீரோ இறங்கும் நேரத்துக்கென்று எடுத்து வையுங்கள். பலர் ஏறும்போதே கொடுத்து முடித்துவிட்டு, இறங்குகையில் காலிப் புட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைக்குச் சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

அப்புறம் துணி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். கீழே வியர்க்கிறது என்று அரைக்கைச் சட்டையோடு வந்து மேலே குழந்தையைத் துப்பட்டாவில் சுற்றும் அம்மாக்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். குளிர்ந்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போலக் கூடும், தொப்பி அவசியம். தள்ளுவண்டியை மடிக்க வேண்டியிருக்கும், ஏறுவதற்கு முன்பே மடித்துவிடுங்கள். கேபின் உங்களுக்காகக் காத்திருக்காது, மெல்ல நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஆறு வயதுக்காரரை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் ஏற்றுங்கள். முதலில் ஒரு பெரியவர், பிறகு குழந்தை, கடைசியில் மற்றவர். பெரியவர்கள் இருவரும் ஏறிவிட்டுக் குழந்தையைக் கூப்பிடுவது வேண்டாம்.

பயந்தாங்கொள்ளி: கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

இது வரும் என்று தெரியும். ஒரே தடவை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சின்னச் சின்னக் கேபின்கள் வரிசையாகப் போகும் லைனில் கேபினைத் தாங்குவதும் இழுப்பதும் ஒரே எஃகுக் கேபிள்தான். கம்பிகளை முறுக்கிப் புரியாக்கி, புரிகளை முறுக்கிக் கேபிளாக்கியிருப்பார்கள். நாலைந்து கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று காந்தக் கருவியால் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிப்பார்கள். கேபின் கேபிளைப் பிடித்திருப்பது மேலே இருக்கும் கிரிப்பால். ஸ்டேஷனுக்குள் வரும்போது ஒரு தண்டவாளம் கிரிப்பின் நெம்புகோலை அழுத்தித் திறக்கும், கேபின் கேபிளை விட்டு விலகி, டயர்கள் தள்ளத் தள்ள ஊர்ந்து போகும். வெளியே வினாடிக்கு ஐந்து, ஆறு மீட்டர் வேகத்தில் வந்தது உள்ளே வினாடிக்கு ஓர் அடி போல ஆகிவிடும். வெளியேறும்போது ஸ்பிரிங் திரும்பவும் கவ்வும். 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் கவ்வும் சத்தம். பிடி போதாவிட்டால் சென்சார் லைனையே நிறுத்திவிடும்.

2021 மே மாதம் இத்தாலியில் மொட்டரோனே மலையில் 14 பேர் இறந்தார்களே என்று அடுத்துக் கேட்பீர்கள். அது வேறு வகை. இரண்டு பெரிய கேபின்கள் எதிரெதிராகப் போய் வருவது. தாங்கும் கேபிள் தனி, இழுக்கும் கேபிள் தனி. இழுக்கும் கேபிள் அறுந்தது. அறுந்தாலும் தாங்கும் கேபிளைக் கவ்விப் பிடிக்க அவசர பிரேக் உண்டு, அதை வேலை செய்யவிடாமல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். இயந்திரம் கைவிட்டது முதலில், மனிதன் அதற்கும் முன்னாலேயே கைவிட்டிருந்தான். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஸ்டேஷனில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கால் மணி நேரம் தொங்கியவள்: போன முறை பாதி வழியில் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதா?

பெரும்பாலும் யாரோ ஸ்டேஷனில் தடுமாறியிருப்பார். செருப்பு கழன்றிருக்கும். ஆப்பரேட்டர் பட்டனை அழுத்தினால் மொத்த லைனும் நிற்கும், உங்கள் கேபின் முன்னும் பின்னும் ஆடும். கரண்ட் போனாலும் டீசல் இன்ஜின் உண்டு, மெதுவாக எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். உட்கார்ந்தே இருங்கள், கதவைத் தொடாதீர்கள். ஏறுவதற்கு முன் கழிவறைக்குப் போய்விடுங்கள், குழந்தைகளையும் போகச் சொல்லுங்கள். 'எனக்கு வரலை' என்பார்கள், வரும்.

வெறுத்துப்போனவன்: இலைகூட ஆடவில்லை, 'காற்று' என்று சொல்லி லைனை மூடிவிட்டார்கள். ஏமாற்றுத்தானே?

நீங்கள் நின்ற இடத்தில் இலை ஆடியிருக்காது. காற்றளவு மானி டவர் உச்சியிலும் மலைமுகட்டிலும் இருக்கும். காற்று கூடக் கூட வேகத்தைக் குறைப்போம். ஒற்றைக் கேபிள் லைன்கள் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் காற்றிலேயே நின்றுவிடும். பக்கவாட்டுக் காற்று அதைவிடக் குறைவாக இருந்தாலும் தொல்லை. ஆள் நிறைந்த கேபினைவிடக் காலிக் கேபின்தான் அதிகம் ஆடும், டவரை ஒட்டிப் போகும்போது அது இடிக்கக் கூடாது. உங்கள் கேபினில் எட்டுப் பேர் இருக்கலாம், எதிரே காலியாக வருவதையும் நாங்கள் பார்க்க வேண்டும் அல்லவா? இடி மின்னல் என்றால் பேச்சே இல்லை.

காலையிலேயே போங்கள். வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேலே கிளம்பும், மதியத்துக்கு மேல் உச்சியில் மேகம் கட்டும். மேலே போனதும் முதல் வேலையாகக் கடைசிக் கேபின் எத்தனை மணிக்கு என்று பலகையைப் பார்த்து வையுங்கள். முடிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைப்பிரியன்: கேபினில் ஏறிவிட்டு நடந்தே இறங்கலாம் என்றிருக்கிறோம். மனைவி, எட்டு வயது மகள், 64 வயது மாமனார். இறங்குவது சுலபம்தானே அண்ணா?

இல்லை தம்பி. ஏறுவதில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தடுத்து நிறுத்துகிறது. தசை நோவது அந்த வேலையால்தான், அதுவும் உடனே தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும் தெரியும். மூட்டில் விழும் பாரமும் உடம்பின் எடையைப்போலச் சில மடங்கு.

கணக்கும் பாருங்கள். நல்ல பாதையில் பழகிய ஆள் ஒரு மணி நேரத்தில் 500 மீட்டர் உயரம் இறங்குவார். ஸ்டேஷன்களுக்கு இடையே 900 மீட்டர் என்றால் அவருக்கே இரண்டு மணி நேரம். எட்டு வயதும் 64 வயதும் சேர்ந்தால் நாலு மணி நேரம் வையுங்கள்.

நடைப்பிரியன்: மன்னிக்கவும், நீங்கள் ரோப்வேக்காரர். ரெண்டு வழி டிக்கெட் விற்கத்தானே சொல்வீர்கள்!

எனக்குக் கமிஷன் கிடைத்திருந்தால் இந்நேரம் கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன். ஒரு சாயங்காலம் கதை கேளுங்கள். மூன்று மணிக்கு ஒரு குடும்பம் நடந்து இறங்கக் கிளம்பியது. அப்பா முன்னால், பாட்டி கடைசியில். கடைசிக் கேபினை அனுப்பியாயிற்று, லைனை மூடியாயிற்று, அவர்கள் கீழே வந்து சேர்ந்ததாகச் செய்தி இல்லை. இருட்டின பிறகு மேலேயிருந்து பார்த்தால் நடுச்சரிவில் ஒரு செல்போன் வெளிச்சம் இரண்டடி நகரும், நிற்கும், இரண்டடி நகரும். கீழே இருந்து ஆட்கள் போய்ப் பாட்டியைப் பின்பக்கமாகத் திருப்பி, கைத்தாங்கலாக, படியில் குழந்தை இறங்குவதுபோல இறக்கிக் கொண்டுவந்தார்கள். அப்பா எங்களிடம் கேட்ட கேள்வி: 'நடக்கக் கூடாது என்று போர்டு வைக்க வேண்டியதுதானே?' போர்டு இருந்தது.

மூட்டுவலிக்காரி: அண்ணா சொல்வது சரி. நாங்கள் நடந்து இறங்கினோம். மூன்று நாள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன்.

மலைக்குரங்கு: நான் வாராவாரம் இறங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஊன்றுகோல் இரண்டு இருந்தால் போதும். மக்களைப் பயமுறுத்தாதீர்கள்.

வாராவாரம் இறங்குகிறீர்கள், அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை. தசைக்குப் பழக்கம். ஊன்றுகோல் உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை செருப்போடு வரும் மாமனாருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு அல்ல.

மலைக்குரங்கு: அப்போ நடக்கவே கூடாதா?

திருப்பிப் போடுங்கள். தெம்பு உள்ளவர்கள் காலையில் நடந்து ஏறட்டும், மற்றவர்கள் கேபினில் வரட்டும், எல்லோரும் சேர்ந்து கேபினில் இறங்கலாம். இதை யாரும் கேட்பதில்லை.

புதியவள்: கேபிள் அறுந்தால் என்ன ஆகும் சார்?

மேலே இருக்கிறது.

மகன்: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து நாலு மாதம். காஷ்மீரில் குல்மார்க் கோண்டோலா என்ற ரோப்வேயின் உச்சி வரை கூட்டிப் போகலாமா?

இதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். டாக்டரிடம் 'ரோப் கார்' என்று மட்டும் சொல்லாமல் உயரத்தையும் சொல்லுங்கள். அங்கே கிளம்பும் இடமே 2,600 மீட்டருக்கு மேல், இரண்டாம் கட்டம் முடியும் இடம் 3,900 மீட்டருக்கும் மேல். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். நடந்து ஏறினால் உடம்பு பழக நாள் கிடைக்கும், கேபின் அந்த அவகாசத்தைத் தராது. யாருக்காவது மேலே தலை சுற்றினால் மாத்திரை தேடாதீர்கள், அடுத்த கேபினில் இறக்குங்கள்.

உயரம் ஆகாதவர்: குழந்தைகளுக்காகப் போகிறேன். கண்ணை மூடிக்கொள்ளலாமா?

மூடினால் ஆட்டம் இரண்டு பங்காகத் தெரியும். எதிர்ச்சரிவையோ தொடுவானத்தையோ பாருங்கள். டவரைக் கடக்கும்போது உருளைகள் மேல் தடதடவென்று ஒரு குலுக்கல் வரும். முன்பே எதிர்பார்த்திருந்தால் பயம் பாதி. கனடாவின் பீக் டு பீக் லைனில் டவரே இல்லாமல் மூன்று கிலோமீட்டர், தரையிலிருந்து 436 மீட்டர் உயரத்தில். அதில் முதலில் ஏறாதீர்கள், அவ்வளவுதான். கண்ணாடித் தரை வைத்த கேபினுக்குத் தனி வரிசை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேமராக்காரன்: எந்தப் பக்கம் உட்கார்ந்தால் படம் நன்றாக வரும்?

ஏறும்போது மலைக்கு முதுகு காட்டி உட்காருங்கள், பள்ளத்தாக்கு முழுக்க உங்கள் முன்னால் விரியும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். வெள்ளைச் சட்டை போட்டால் கண்ணாடியில் உங்கள் சட்டைதான் படமாகும். ஜன்னல் இடுக்கில் கையை நீட்டாதீர்கள்.

யாரோ: எங்கள் நாய்க்குட்டியைக் கூட்டிப் போகலாமா? கேபிள் அறுந்தால்...

அந்தந்த லைனில் கேளுங்கள். அறுந்தால் என்பதற்கு மேலே பதில் இருக்கிறது, நாய்க்கும் அதேதான்.

நடைப்பிரியன்: சரி அண்ணா. நானும் மனைவியும் நடந்து ஏறுகிறோம், மாமனாரும் மகளும் கேபினில். இறங்குவதற்கு எங்கள் இருவருக்கும் மேலே டிக்கெட் கிடைக்குமா?

சில இடங்களில் கீழ் ஸ்டேஷனில் மட்டுமே விற்பார்கள். நடக்க ஆரம்பிப்பதற்கு முன் கவுன்டரில் கேட்டு, கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மாமனாரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள், உங்கள் பையிலேயே இருக்கட்டும்.