ஏழு புள்ளி எடுக்கும் ஆட்டக்காரருக்கு 81 மில்லியன் டொலர் தகுமா?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.இல் ஆடும் ஒக்லஹோமா சிற்றி தண்டர் அணியின் அலெக்ஸ் கருசோ 2024-25 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏழு புள்ளிகளே எடுத்திருக்க, அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 81 மில்லியன் டொலர் கொடுப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான் என்பது என் கருத்து. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கும் அதை ஒரே உறுதியோடு சொல்ல மாட்டேன்.

இங்கே கிளிநொச்சியில் என்.பி.ஏ. ஆட்டங்கள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வருகின்றன. முழு ஆட்டத்தையும் பார்க்க நேரமின்றி, கைபேசியில் புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கருசோவைக் குறைவாக மதிப்பதில் வியப்பில்லை. எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டத்திலும் ஓங்கி அடிப்பவருக்கே கைதட்டல் விழும். எதிரணியின் அடியை விழுந்து எடுத்துக் கொடுத்தவரை யாரும் கவனிப்பதில்லை.

2025 மே மாதத்தில் டென்வர் அணியுடனான தொடரைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டத்தைப் பாருங்கள். 196 செ.மீ. உயரமுள்ள கருசோ, 211 செ.மீ. உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் கொண்ட டென்வரின் நட்சத்திர வீரர் நிக்கோலா யோக்கிச்சைத் தடுக்க விடப்பட்டார். பந்து கைக்கு வந்தபின் யோக்கிச்சை மறிப்பது கடினம் என்பதால், கருசோ அவருக்கு முன்னால் நின்று பந்து வரும் வழியையே அடைத்தார். பின்னால் உயரமான சக வீரர்கள் காவல் நின்றார்கள். தண்டர் 125–93 என்று வென்றது. அடுத்து இண்டியானாவுடனான இறுதித் தொடரில், தேவைப்பட்டபோது இரண்டு ஆட்டங்களில் தலா 20 புள்ளிகளும் எடுத்தார், கிண்ணமும் வந்தது.

சம்பளத்தைத் தொகையாகப் பார்த்தால் தலை சுற்றும். ஆண்டுக்குச் சுமார் 20 மில்லியன் என்பது, ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு என்.பி.ஏ. 2025-26 பருவத்தில் வைத்த 154.6 மில்லியன் வரம்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. வெற்றிக்குப் போட்டியிடும் அணிக்கு இது தாங்கக்கூடியதே. கடைசி இடங்களில் கிடக்கும் ஓர் அணி இதே தொகையை இவருக்குக் கொடுத்தால் வீண் என்பேன். அங்கே முதலில் புள்ளி எடுக்க ஆள் வேண்டும்.

என் தயக்கம் கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றியது. 1994இல் பிறந்த கருசோவுக்கு ஒப்பந்தம் முடியும்போது வயது 35 ஆகியிருக்கும். 2024-25இலேயே 82 ஆட்டங்களில் 54இல்தான் ஆடினார். அதற்குள் தண்டரின் முன்னணி வீரர்களான ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோல்ம்கிரன் ஆகிய மூவரின் பெரிய ஒப்பந்தங்களும் நடைமுறைக்கு வந்துவிடும். அப்போது தண்டர் முதலில் விட்டுக்கொடுக்கப் பார்க்கும் சம்பளங்களில் இவருடையதும் ஒன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.