பிரெஞ்சு ட்யூஷன் எடுப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்னையில் தனியாக பிரெஞ்சு சொல்லித்தருபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

டெல்ஃப் (பிரான்ஸ் அரசு தரும் பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்) தேர்வில் பி2 நிலை முடித்தவள் நான். வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருகிறேன், மணிக்கு 600 ரூபாய். நாள் முழுக்க ஓடியும் கையில் எதுவும் நிற்பதில்லை. ஃபீஸை ஏற்றலாமா?
– வாசகி, வேளச்சேரி

ஏற்றலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வாரம், வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் நோட்டில் குறித்துவையுங்கள். சாயங்காலம் வேளச்சேரியிலிருந்து அண்ணா நகர் போக ஒரு மணி நேரம், திரும்ப முக்கால் மணி, பாடம் தயாரிக்க அரை மணி என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி வகுப்பு உங்கள் நாளில் மூன்றேகால் மணியைத் தின்றுவிடுகிறது. அப்படியானால் உண்மையில் கிடைப்பது மணிக்கு 185 ரூபாய்க்குக் கீழே. பெட்ரோல் செலவு தனி. கட்டுரை திருத்துவதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பி2 மாணவர் எழுதும் 250 சொல் கட்டுரையை ஒழுங்காகத் திருத்த 20 நிமிடம் ஆகும். எட்டுப் பேர் என்றால் வாரத்துக்கு 2 மணி 40 நிமிடம்.

ஆகவே முதலில் ஊரைப் பிரித்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வியாழனும் அண்ணா நகர் மட்டும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு வீடாவது. வீட்டு வகுப்பு ஒன்றரை மணிக்குக் குறையவே கூடாது. மற்றவர்களை ஆன்லைனில் குழுவாகச் சேருங்கள். ஆளுக்கு 300 ரூபாய் வாங்கினாலும் ஐந்து பேருக்கு 1,500 வருகிறது. ஐந்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 12 நிமிடம் பேச்சு கிடைக்கும். எட்டுப் பேர் என்றால் ஏழரை நிமிடம்தான். அதில் யாருக்கும் வாய் திறக்காது.

எட்டு வகுப்புக்கான பணத்தை மாத ஆரம்பத்தில், 5ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். முந்தைய நாள் சொல்லாமல் ரத்து செய்தால் அந்த வகுப்பு நடந்ததாகவே கணக்கு. இதைச் சேரும் அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. நவம்பர் மழைக்கு மட்டும் விதிவிலக்கு வையுங்கள்: மதியம் 2 மணிக்குள் தகவல் கொடுத்து ஆன்லைனுக்கு மாற்றிவிடலாம். இன்வெர்ட்டரில் லேப்டாப்போடு ரவுட்டரும் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனதும் வகுப்பு அறுந்துபோவது பெரும்பாலும் ரவுட்டரால்தான்.

பள்ளிப் பிள்ளைகளை மட்டும் நம்பினால் ஏப்ரல், மே காலியாகிவிடும். பன்னிரண்டு மாதச் செலவைப் பத்தால் வகுத்து, மாதம் அவ்வளவு வரும்படி ஃபீஸ் வையுங்கள்.

ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒருவர் கனடாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆறே மாதத்தில் பி2 வரை கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார். அவருக்கு பிரெஞ்சு எழுத்துகூடத் தெரியாது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

ஆரம்பத்திலிருந்து பி2 வரை 560 முதல் 650 மணி நேரம் என்பதுதான் பொதுவான கணக்கு. வாரம் 10 மணி கொடுப்பவருக்கு 60 வாரம் ஆகும். ஆறு மாதத்தில் முடிக்க வாரம் 25 மணி வேண்டும். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அலைகிறவரால் அது முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஐந்தாம் மாதம் உண்மையைச் சொல்வது அநியாயம்.

இன்னொன்றையும் அன்றே சொல்லுங்கள். கனடா மத்திய அரசின் குடியேற்றத் திட்டங்களுக்கு டெல்ஃப் சான்றிதழ் செல்லாது. டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும். டெல்ஃபுக்குக் காலக்கெடு கிடையாது, மற்ற இரண்டும் 2 வருடம்தான் செல்லும். எனவே சீக்கிரம் எழுதிவைப்பதிலும் லாபமில்லை. விண்ணப்பிக்கும் காலத்தை ஒட்டியே தேதி வாங்கச் சொல்லுங்கள்.

டெஃப் பேச்சுத் தேர்வில் நம் ஆட்கள் மார்க் விடும் இடம் ஒன்று உண்டு. முதல் பகுதி 5 நிமிடம்: ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்து பத்துக் கேள்வியாவது கேட்க வேண்டும். அறிமுகமில்லாதவர் என்பதால் ‘வூ’, அதாவது நம் ‘நீங்கள்’. இரண்டாவது பகுதி 10 நிமிடம்: நண்பரை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். அங்கே ‘நீ’. பதற்றத்தில் ‘வூ’வோடேயே தொடர்கிறார்கள். நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குப் பிறப்பிலேயே தெரியும். ஆனால் எல்லாரையும் ஒரே ‘யூ’வில் அழைக்கும் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு பிரெஞ்சில் பேசுவதால்தான் இந்தத் தடுமாற்றம். பயிற்சியில் நண்பர் பகுதியை முதலில் தமிழிலேயே ஒருமுறை பேசச் சொல்லுங்கள். “டேய், நீ வாயேன்” என்று ஒரு தடவை சொன்னவர் அப்புறம் ‘வூ’வுக்குப் போக மாட்டார்.

மாணவர்களுக்கு பிரெஞ்சின் மூக்கொலி (மூக்கு வழியாக வரும் உயிர்) வரவே மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் ‘ன்’ போட்டு முடிக்கிறார்கள். வேறு வழி உண்டா?
– ஆசிரியை, மயிலாப்பூர்

அந்த ஒலிகளை அவர்கள் தினமும் வீட்டில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேச்சில் ‘மரம்’ என்று சொல்லச் சொல்லி உதட்டைக் கவனியுங்கள். கடைசியில் உதடு மூடாது, ஓகாரம் மாதிரி ஒன்று மூக்குக்குள் போய் நிற்கும். ‘நல்ல’ என்று பொருள்படும் பிரெஞ்சு ‘போ(ன்)’ ஏறக்குறைய அப்படித்தான் முடிகிறது. ‘நான் போனேன்’ என்பதன் கடைசி ஒலி, வைனைக் குறிக்கும் ‘வே(ன்)’ என்ற சொல்லுக்குப் பொருந்தும். ‘வந்தான்’ என்பதன் கடைசி ஒலி, ‘உள்ளே’ என்று பொருள்படும் ‘தா(ன்)’ என்ற சொல்லுக்கு. கையில் கண்ணாடி கொடுங்கள். சொல் முடியும்போது உதடு திறந்திருக்க வேண்டும், நாக்கு நுனி மேலே தொடக் கூடாது.

பின்னே ஏன் ‘ன்’ வருகிறது? புத்தகத்தில் எழுத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலம் போல வாசிப்பதால். முதல் இரண்டு வாரம் புத்தகத்தை மூடிவைத்து, காதால் மட்டும் சொல்லித்தாருங்கள்.

‘ட’வும் அப்படித்தான். மேசையைக் குறிக்கும் சொல்லை ‘டாப்ல்’ என்கிறார்கள். பிரெஞ்சு ஒலி பல்லைத் தொடும் நம் ‘த’, ஆகவே ‘தாப்ல்’. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து ‘பக்கம்’ என்று சொன்னால் காகிதம் அசைவதில்லை. பிரெஞ்சு ப, த, க மூன்றும் இப்படியே, காற்றை ஊதாமல் வர வேண்டும்.

தமிழில் இல்லாத ஒலி ஒன்று உண்டு: ‘நீ’ என்பதற்கான சொல்லின் உயிர். வாய்க்குள் ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். வெறும் ‘தூ’ என்று சொன்னால் ‘எல்லாம்’ என்று பொருள் மாறிவிடும்.

சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் ‘பால் + உம் = பாலும்’ என்று காட்டுங்கள். நண்பர்கள் என்பதற்கு ‘லே’யும் ‘அமி’யும் சேர்ந்து ‘லேஸமி’ ஆவதும் இது போன்ற புணர்ச்சிதான். பிரெஞ்சில் மட்டும், தனியாக நிற்கும்போது ஒலிக்காத மெய், பக்கத்தில் உயிர் வந்ததும் எழுந்துகொள்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ் படித்த பிள்ளைக்கு இது அரை மணிப் பாடம்.

தமிழ் கை கொடுக்காத இடம், ஒரு சொல் ஆண்பாலா பெண்பாலா என்பது. மேசை பெண்பால் என்பதற்குக் காரணம் சொல்ல முடியாது. ‘தாப்ல்’ என்று தனியாக எழுதவே விடாதீர்கள், எப்போதும் ‘லா தாப்ல்’. ‘சியோ(ன்)’ என்று முடியும் சொற்கள் பெண்பால், ‘ஆஜ்’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால் என்ற இரண்டு விதியும் ஆரம்பத்துக்குப் போதும். கட்டுரையில் பால் பிழைக்கு ‘பா’, காலப் பிழைக்கு ‘கா’ என்று ஓரத்தில் மட்டும் குறியுங்கள். சரியான சொல்லை மாணவரே தேடி எழுதட்டும். உங்கள் 20 நிமிடமும் குறையும்.

மாணவியின் பெற்றோர், பிறப்புச் சான்றிதழை பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, தாம்பரம்

வேண்டாம். பிரான்ஸ் அலுவலகங்கள் இப்படிப்பட்ட ஆவணத்துக்குப் பெரும்பாலும் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரைத்தான் கேட்கும். உங்கள் கையெழுத்தோடு போனது திரும்பி வந்தால், நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. கம்பெனிக் கடிதம், தயாரிப்புக் கையேடு போன்றவற்றை தாராளமாக எடுங்கள். மூல ஆங்கிலச் சொற்களை எண்ணி முதலிலேயே விலை பேசுங்கள். நாளுக்கு 2,000 சொல்லுக்கு மேல் ஒப்புக்கொண்டால் தரம் நிற்காது. பிரெஞ்சில் வரி 15 முதல் 20 சதவீதம் நீளும் என்பதால், பெட்டிக்குள் அடங்க வேண்டிய வாசகம் இருந்தால் அதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

ட்யூஷனுக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா?
– வாசகர், அம்பத்தூர்

வருடத்துக்கு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு செய்ய வேண்டியதில்லை. வருமான வரி தனி. கல்லூரியில் கெஸ்ட் வகுப்பு எடுத்து டி.டி.எஸ். பிடித்திருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். ட்யூஷனுக்கென்று தனி வங்கிக் கணக்கும், அதற்கு மட்டும் ஒரு யு.பி.ஐ. க்யூ.ஆர். கோடும் வைத்துக்கொள்ளுங்கள், மார்ச் மாதம் வரவைத் தேடி உட்கார வேண்டியிருக்காது.