பிரித்து அனுப்பினால் வங்கி கேள்வி கேட்காதா?

கேள்வி: என் அப்பா கடைசிக் காலத்தில் வெளிநாட்டில் தம்பியோடு இருந்தார். அங்கே அவர் பெயரில் இருந்த வீட்டை விற்று, என் பங்கைத் தம்பி அனுப்பத் தொடங்கியிருக்கிறான். முதல் தவணை வந்ததுமே வங்கி நிறுத்தி வைத்துவிட்டது. பணம் எப்படி வந்தது, ஆதாரம் என்ன என்று கேட்கிறார்கள். காரணம் கேட்டால் வாயே திறப்பதில்லை. இருபது வருட வாடிக்கையாளரைத் திருடனைப் போல நடத்துகிறார்கள். மீதியைச் சிறு சிறு தொகையாகப் பிரித்து, சொந்தக்காரர்கள் கணக்கு வழியாக அனுப்பச் சொல்லலாம் என்கிறார் நண்பர் ஒருவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் பணத்தில் இப்போது எந்தக் குறையும் இல்லை, காகிதம்தான் பாக்கி. நண்பர் சொன்னபடி செய்தால், இல்லாத குறையை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள்.

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குபவர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலையே இந்தப் பிரிப்புதான். அமெரிக்காவில் 1970-ல் வந்த வங்கி ரகசியச் சட்டத்தையொட்டி, 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றத்தை வங்கிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. போதைப்பொருள் கும்பல்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தன. வரம்புக்குக் கொஞ்சம் கீழே தொகையை வைத்து, பல ஆட்களை அனுப்பிப் பல கிளைகளில் பணம் கட்டின. 1986-ல் அங்கே சட்டம் இறுகியது. அறிக்கையைத் தவிர்ப்பதற்காகப் பிரிப்பதே தனிக் குற்றமானது, அந்தப் பணம் நேர்மையாகச் சம்பாதித்ததாகவே இருந்தாலும். இதை நண்பரிடமும் சொல்லுங்கள், அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

எல்லா நாட்டுச் சட்டமும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் அடித்தளம் ஒன்றுதான். 1989-ல் ஜி7 நாடுகள் பாரிஸில் கூடி, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க எஃப்ஏடிஎஃப் எனப்படும் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை அமைத்தன. அது 1990-ல் வெளியிட்ட 40 பரிந்துரைகளைப் பின்பற்றித்தான் நாடுகள் சட்டம் எழுதுகின்றன. 2001-ல் பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுப்பதும் இதில் சேர்ந்தது. இவற்றில் பின்தங்கும் நாடு, கூடுதல் கண்காணிப்பில் வைக்கப்படும் நாடுகளின் பட்டியலான சாம்பல் பட்டியலுக்குப் போகும். அந்த நாட்டோடு நடக்கும் பரிமாற்றங்களை மற்ற நாட்டு வங்கிகள் கூடுதலாகத் துருவும். அதனால் அரசு வங்கியை நெருக்குகிறது, வங்கி உங்களைக் கேட்கிறது.

இந்தப் பரிந்துரைகளில் இரண்டு விஷயங்கள் நேராக உங்களைத் தொடுகின்றன. ஒன்று, சந்தேகத்துக்குத் தொகை வரம்பு கிடையாது. எவ்வளவு சிறிய தொகையானாலும், சந்தேகம் வந்தால் வங்கி அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். முடியாமல் நின்றுபோன பரிமாற்றமும் இதில் அடங்கும். ஒரே ஊரிலிருந்து ஒரே வாரத்தில் ஐந்தாறு பேருக்கு வந்த பணம் கடைசியில் ஒருவர் கணக்கில் சேர்ந்தால், கணினியே அதைச் சுட்டிக்காட்டும். அப்புறம் பதில் சொல்ல வேண்டியது உங்கள் அத்தையும் மச்சானும்தான். யாரோ ஒருவரின் பணம் தங்கள் கணக்கு வழியாகப் போக இடம் கொடுத்துவிட்டு, வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இரண்டாவது, அந்த மௌனம். சந்தேக அறிக்கை அனுப்பியிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. உங்களைப் பற்றி அறிக்கை போயிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இது வழக்கமான சரிபார்ப்பாகத்தான் இருக்கும். ஆனால் போயிருந்தாலும் இல்லாவிட்டாலும், கவுன்ட்டரில் இருப்பவர் அதைப் பற்றிப் பேச முடியாது. அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. அப்பா போன துக்கத்தோடு இதையும் சுமக்கிறீர்கள். சாதாரண மனிதரிடம் இத்தனை காகிதம் கேட்கும் அமைப்பு, பெயர்ப்பலகை மட்டுமே உள்ள நிறுவனங்களின் பின்னால் ஒளிந்தவர்களை வெகுகாலம் விட்டுவைத்தது என்பதும் உண்மை. 2016-ல் வெளியான பனாமா ஆவணங்கள், அதாவது அப்படிப்பட்ட நிறுவனங்களை அமைத்துக் கொடுத்த பனாமா நாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்த கோப்புகள், அதை ஊரறியச் செய்தன. நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று நாடுகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்ற விதியை எஃப்ஏடிஎஃப் 2022-ல் இறுக்கியது. சட்டம் கடுமையாக வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதற்காக உங்களிடம் கேட்பது தவறாகிவிடாது.

சரி, என்ன செய்யலாம்? வங்கி என்னென்ன கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு வீட்டை வாங்கியவரிடமிருந்து உங்கள் கணக்குவரை பணம் நடந்து வந்த பாதையைக் காகிதத்தில் காட்டுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உயில் அல்லது வாரிசு ஆவணம், விற்பனைப் பத்திரம், விற்ற பணம் தம்பி கணக்கில் விழுந்ததைக் காட்டும் வங்கி அறிக்கை, அவர் உங்களுக்கு அனுப்பிய ரசீது எல்லாம் தேவைப்படும். வேறு மொழியில் இருப்பவற்றுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும்.

இதில் பலர் சறுக்குவது கூட்டல் கழித்தலில்தான். பத்திரத்தில் ஒரு தொகை, வந்தது வேறொரு தொகை என்றால் கேள்வி தொடரும். விற்ற விலை, அதில் போன வரி, வழக்கறிஞர் செலவு, மீதி, உங்கள் பங்கு, இந்தத் தவணை என்று ஒரு பக்கக் கணக்கை எழுதி, தம்பியிடம் கையெழுத்து வாங்கி மேலே வையுங்கள். அடுத்த தவணையை அதே கணக்கிலிருந்து அதே கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். பணம் புறப்படும் முன்பே கிளை மேலாளருக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். எல்லாம் கொடுத்த பிறகும் இழுத்தடித்தால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அதற்கு மேல் வங்கிக் குறைதீர்ப்பாளர் போன்ற அமைப்பு இருந்தால் அங்கேயும் போகலாம்.

வரி தனி விஷயம். வங்கி பணத்தை விடுவித்துவிட்டது என்பதால் வரிக் கணக்கு முடிந்ததாகாது. இதே காகிதக் கட்டின் நகலை உங்கள் ஆடிட்டரிடமும் கொடுத்து, எந்த நாட்டில் எது காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து வருடம் இவற்றை வங்கி வைத்திருக்கும், நீங்கள் அதைவிட அதிகமாகவே வைத்திருங்கள்.