கோல்ஃப் ஆடும்போது ‘தண்ணீரில் போடாதே’ என்று சொல்லிக்கொண்டால் பந்து அங்கேயே போகிறதே?

“தண்ணீரில் போடாதே” என்பதை விட்டுவிடுங்கள். பந்து எங்கே போக வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள்: “அந்த உயரமான மரம்”. இரண்டு மூன்று சொல் போதும்.

எதைத் தவிர்க்கச் சொல்கிறோமோ, மனசு அதைத்தான் முதலில் கண்முன் கொண்டுவரும். குளத்தையே நினைத்துக்கொண்டு நின்றால் பிடி இறுகும், தோள் விறைக்கும், ஸ்விங் (மட்டையை வீசுவது) அவசரப்படும். பயிற்சித் திடலில் நன்றாகப் போகும் ஷாட் முதல் டீயில் (ஆட்டத்தின் முதல் அடியை அடிக்கும் இடத்தில்) மட்டும் கெடுகிறதென்றால், பெரும்பாலும் இதுதான் காரணம். கை எதையும் மறக்கவில்லை.

அடுத்த முறை பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பாருங்கள். மூச்சை இழுத்ததைவிட நீளமாக, மெதுவாக விடுங்கள். விடும்போதே விரல்களைக் கவனியுங்கள். நகம் வெளுத்திருந்தால் பிடியைத் தளர்த்துங்கள். அப்புறம் இலக்கை ஒரு தடவை சொல்லிவிட்டு நேரே போய் அடியுங்கள். பந்தருகே நின்று பேச்சை நீட்ட வேண்டாம், பதற்றம் அங்கேதான் வளரும். விதிகளும் 40 விநாடிக்குள் அடிக்கவே பரிந்துரைக்கின்றன.

“பதற்றப்படாதே” என்பதும் அதே ரகம்தான். “படபடக்கிறது, சரி, இருக்கட்டும்” என்று ஒப்புக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஒன்று மட்டும்: “முழங்கையை மடக்காதே, இடுப்பைத் திருப்பு” போன்ற நுணுக்கங்களை இதில் சேர்க்காதீர்கள். அவை பயிற்சி நேரத்துக்கு. பதற்றமில்லாத நாளிலும் பந்து ஒரே பக்கம் வளைந்தால் அது மனசு விஷயமல்ல. பயிற்சியாளரிடம் ஸ்விங்கைக் காட்டுங்கள்.